யோகி என்ற பெயரில் ஒரு லேப்டாப்

1. சாதாரணமா ஒன்னு போதும்

"எனக்கு ரொம்ப சாதாரணமா ஒன்னு போதும்மா. ஆனா ஏமாத்திராத."

காந்திமதி ஆன்டி எங்கள் கடைக்குள் நுழைந்து சொன்ன முதல் வார்த்தை இது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பழைய லேப்டாப்புகளைப் புதுப்பித்து விற்கும் கடை எங்களுடையது. நான் அங்கே பத்தொன்பது வருடமாக வேலை செய்கிறேன். மெஷின்களைச் சுத்தம் செய்வது, விற்பது, திரும்பக் கொண்டு வருகிறவர்களிடம் திட்டு வாங்குவது மூன்றும் என் பொறுப்பு. முதலாளியை எல்லாரும் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம்.

ஆன்டிக்கு அறுபது வயது தாண்டியிருக்கும். சுங்கை வேயிலிருந்து வந்திருந்தார். என்ன வேலைக்கு லேப்டாப் என்று கேட்டேன். எப்போதும் முதலில் கேட்பது அதைத்தான்.

"கோயில் பூஜை லைவ்ல வரும்ல, அது பாக்கணும். ஜொகூர்ல மகன் இருக்கான், அவங்கூட வீடியோல பேசணும். சமையல் வீடியோ. போன்ல எழுத்து தெரிய மாட்டேங்குது."

இந்த மாதிரி வேலைக்கு, எங்கே பார்த்தாலும் விளம்பரம் வரும் புதிய மலிவு லேப்டாப்பை நான் யாருக்கும் சொல்வதில்லை. அவற்றில் பலவற்றில் நான்கு ஜிபி ரேம்தான் இருக்கும். சேமிப்பும் போனில் இருப்பது போன்ற சின்ன சிப். இரண்டு அப்டேட் வந்தால் நிரம்பிவிடும். அதைவிட ஏதாவது ஆபீசில் மூன்று நான்கு வருடம் ஓடிய கனமான மெஷின் மேல். எட்டு ஜிபி ரேம், வேகமான எஸ்.எஸ்.டி சேமிப்பு, இவ்வளவு இருந்தால் சாதாரண வேலைக்குப் போதும். மிச்சத்தைக் கையால்தான் பார்க்க வேண்டும். மூடியைத் திறந்து மூடி கீல் ஆடுகிறதா என்று பார்ப்பேன். ஒரு எழுத்து விடாமல் தட்டுவேன். சார்ஜர் இல்லாமல் அரை மணி நேரம் வீடியோ ஓடவிட்டு பேட்டரி எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பேன்.

ஆன்டி எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் கருப்பு நிறத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்.

"இந்தக் கடைய யாரு சொன்னாங்க ஆன்டி?"

"என் தம்பி. என் மக யோகியோட லேப்டாப்ப இங்கதான் வித்தானாம். அவ போயி பத்து மாசம் ஆச்சு. அந்த ரூமுக்குள்ள போகவே எனக்குப் பயமா இருந்துச்சு. அவன்தான் எல்லாத்தையும் ஒதுக்கிக் கொடுத்தான்."

டிங்கிக் காய்ச்சல் என்றார். இருபத்தாறு வயது. நான்காம் நாள் காய்ச்சல் விட்டுவிட்டது, எல்லாரும் நிம்மதியாக இருந்தார்கள், ஐந்தாம் நாள் போய்விட்டாள். டிங்கியில் காய்ச்சல் விடுகிற நாள்தான் ஆபத்தான நாள் என்று பிறகு டாக்டர் சொன்னாராம். ஆன்டி அழவில்லை. வேறு யாருடைய வீட்டுக் கதையையோ சொல்வது போல் சொன்னார்.

மெஷினைத் தயார் செய்ய ஈமெயில் வேண்டும். ஆன்டிக்குத் தனி ஈமெயில் கிடையாது. யோகி தன் கணக்கையே அம்மாவின் போனிலும் போட்டுக் கொடுத்திருந்தாள். பாஸ்வேர்டு ஆன்டியின் பையில் ஒரு சின்ன டைரியில் இருந்தது, யோகியின் கையெழுத்தில். அதைப் போட்டு உள்ளே நுழைந்தேன். ஒரே கணக்கில் இருக்கும் மெஷின்கள் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ளும். ஒன்றில் தேடியது இன்னொன்றின் ஹிஸ்டரியில் வந்து விழும். அப்படித்தான் ஒரு பட்டியல் திரையில் இறங்கியது. வேலை செய்கிறதா என்று பார்க்க அதைத் திறந்தேன்.

மேலே 'இன்று' என்று இருந்தது. அதற்குக் கீழே, காலை ஆறு இருபதுக்கு, 'புளிக்குழம்பு கசக்காமல் வைப்பது எப்படி'. ஆறு நாற்பதுக்குக் கிள்ளான் வானிலை.

"இது போன்ல நீங்க தேடுனதா ஆன்டி?"

"இல்லியே. காலையில நான் போனத் தொடவே இல்ல."

எந்தக் கருவியிலிருந்து வந்தது என்று பார்த்தேன். 'யோகி-லேப்டாப்' என்று இருந்தது.

ஆன்டியும் அதை வாசித்துவிட்டார்.

"யோகிக்குப் புளிக்குழம்புன்னா உசுரு," என்றார் ஆன்டி.

2. இரண்டு மெஷின், ஒரு தவறு

எனக்கு அந்த நிமிடமே விஷயம் புரிந்துவிட்டது. ஆனால் சொல்லவில்லை.

"யாரோ அந்த லேப்டாப்ப வாங்கியிருக்காங்க ஆன்டி. இங்கேருந்தே அதோட தொடர்ப அறுத்துவிட முடியும். ஒரு பட்டன்தான்."

ஆன்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "வேணாம்மா. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

நான் வற்புறுத்தவில்லை. அவர் மேல் இரக்கம் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். உண்மை அதில்லை. கிளறினால் என் தவறு வெளியே வரும் என்ற பயம்.

அவர் போனதும் வாரண்டி கார்டு கோப்பை எடுத்து, அவர் தம்பி விற்ற மெஷினின் சீரியல் நம்பரைத் தேடினேன். கல்லூரி திறக்கும் மாதம், கடையில் கால் வைக்க இடமில்லாத வாரம் அது. என் மேசையில் ஒரே மாடலில் இரண்டு மெஷின்கள் இருந்தன. சாப்பிடப் போய்விட்டு வந்து, ஏற்கெனவே சுத்தமாக அழித்த மெஷினையே இரண்டாவது முறையும் அழித்திருக்கிறேன். மற்றதைத் தொடவே இல்லை. இரண்டும் முடிந்தது என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். யோகியின் படங்கள், கடிதங்கள், கணக்கு எல்லாவற்றோடும் அந்த மெஷின் வெளியே போயிருந்தது. வாங்கியவர் சுமதி, கிள்ளான்.

பாஸிடம் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"வாங்குனவங்க கம்ப்ளெய்ன் பண்ணாங்களா?"

"இல்ல பாஸ்."

"அந்த ஆன்டி?"

"இல்ல."

"அப்ப விடு லா விமலா. எல்லாம் அழிச்சாச்சுன்னு போர்டு மாட்டி வெச்சிருக்கோம். நீயே போயி இல்லன்னு சொல்லப் போறியா?"

விட்டுவிட்டேன்.

3. அவ தேடுனா, நான் ஆக்குனேன்

இரண்டு வாரம் கழித்து ஆன்டி வந்தார். மவுஸ் வாங்க வந்ததாகச் சொன்னார். கையில் ஒரு டப்பா இருந்தது.

"புளிக்குழம்பு. சாப்புட்டுப் பாரு. வெந்தயத்தக் கடைசில போடணுமாம். அவ தேடுன வீடியோவ நானும் பாத்தேன்."

"யாரு ஆன்டி?"

அவர் டப்பாவைத் திறந்து என் பக்கம் தள்ளினார்.

அப்புறம் போனில் கூப்பிட ஆரம்பித்தார். இன்னைக்கு அவ லேட்டா எந்திரிச்சிருக்கா, ஏழரைக்குத்தான் தேடுறா. இன்னைக்கு அவளுக்குக் காலு வலி போல, தைலம் பாக்குறா. நேத்து முழுக்க வரவே இல்லை, எனக்குச் சோறு எறங்கல. யோகி என்று பெயர் சொல்ல மாட்டார். 'அவ'தான்.

அந்த அழைப்புகளை நான் பாஸ் காதில் விழாமல் வெளியே போய்த்தான் எடுப்பேன். இன்னொன்றும் இருந்தது. ஒருநாள் ஆன்டி சொன்னார், "அவ முன்னாடி எழுதுன மாதிரியேதாம்மா எழுதுறா. ஒரு எழுத்து மாறல."

நான் நம்பவில்லை. அடுத்த முறை அவர் லேப்டாப்பைக் கொண்டு வந்தபோது பழைய பட்டியலையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். உண்மைதான். யோகி உயிரோடு இருந்தபோது தேடிய வரிகள் பல, அதே எழுத்துப் பிழையோடு, இந்த மாதமும் வந்திருந்தன.

காரணம் எனக்குத் தெரியும். ஒரு எழுத்துத் தட்டினால் போதும், முன்பு தேடிய வரியை மெஷினே முழுசாக நீட்டும். அவசரத்தில் இருப்பவர்கள் அதையே தேர்ந்தெடுப்பார்கள். சுமதி ஆரம்பிக்கிறாள், யோகி முடிக்கிறாள். தொழிலில் தினமும் பார்ப்பதுதான். இருந்தாலும் அந்த இரண்டு பட்டியலையும் அதற்கு மேல் பார்க்க முடியவில்லை. உடனே மூடிவிட்டேன்.

4. கெபா

ஒரு செவ்வாய்க்கிழமை காலை. ஷட்டரைப் பாதிதான் தூக்கியிருந்தேன். ஆன்டி அதற்குள் குனிந்து உள்ளே வந்தார். தலை வாரவில்லை. லேப்டாப்பைத் துணிப்பையில் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார்.

"அவளுக்குக் காய்ச்சல் வந்துருச்சும்மா."

மேசையில் வைத்துத் திறந்தார். சனிக்கிழமை, காய்ச்சலுக்கு என்ன மாத்திரை. ஞாயிற்றுக்கிழமை, கண்ணுக்குப் பின்னால் வலி. திங்கள் காலை, கையில் சிவப்புப் புள்ளி. அப்புறம் இன்று காலை ஏழு நாற்பதுக்கு ஒரு வரி, மலாயில்:

'டெமாம் டா கெபா தாப்பி பாடான் லெமா.'

காய்ச்சல் விட்டுவிட்டது, ஆனால் உடம்பில் பலம் இல்லை என்று அர்த்தம்.

ஆன்டி பட்டியலைக் கீழே கீழே தள்ளிக்கொண்டு போனார். போன வருடத்துக்குப் போனார். ஒரு தேதியில் நிறுத்தினார். அதே வரி. கெபா என்ற சொல்லின் கடைசியில் வர வேண்டிய h விட்டுப்போயிருந்தது. இரண்டிலும் விட்டுப்போயிருந்தது.

"இதத் தேடிட்டுப் படுத்தா. மறுநாளு போயிட்டா. இப்ப இவளுக்கும் இன்னைக்கு ஒரு நாளுதான் இருக்கு. விளங்குதா ஒனக்கு?"

ஆன்டியின் குரலில் பதற்றம் இல்லை. அதுதான் என்னை உலுக்கியது. இவ்வளவு நாள் இந்த அம்மாவுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மகள் இல்லை என்பது அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. யாரோ ஒரு பெண் அந்தப் பக்கம் தனியாக இருக்கிறாள் என்பதும் தெரிந்திருந்தது.

கோப்பை எடுத்தேன். சுமதியின் நம்பருக்கு மூன்று முறை அடித்தேன். போன் அணைந்திருந்தது. முகவரியைக் கிழித்த தாளில் எழுதும்போது பாஸ் வந்துவிட்டார்.

"கஸ்டமரோட அட்ரஸ வெளிய கொடுக்கக் கூடாது விமலா. சட்டம் இருக்கு. அதோட நம்ம கதையும் வெளிய வரும்."

"வெளிய வரட்டும் பாஸ். ஆன்டிகிட்ட அட்ரஸக் கொடுக்கல. நானே போறேன்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஆன்டியின் முகத்தைப் பார்த்தார். பிறகு வழியை விட்டு ஒதுங்கி நின்றார்.

5. கிள்ளான் வரை

என் காரில் போனோம். பெடரல் நெடுஞ்சாலையில் சுங்கை வே தாண்டும்வரை வண்டி நகரவே இல்லை. ஆன்டி ஜன்னல் வழியாகத் தன் வீட்டுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மடியில் லேப்டாப் திறந்திருந்தது, போனிலிருந்து இன்டர்நெட் எடுத்திருந்தார். புதிதாக வரி வருகிறதா என்று பார்த்தபடியே இருந்தார்.

ஷா ஆலாம் தாண்டியதும் சொல்லிவிட்டேன். "ஆன்டி, அந்த மெஷின அழிக்காம வித்தது நான்தான். அன்னைக்கே எனக்குத் தெரியும். சொல்லல."

அவர் லேப்டாப் மூடியைப் பாதி சாய்த்தார்.

"யோகியோட படமெல்லாம் அதுல இருக்கா?"

"இருக்கும் ஆன்டி."

"நீ வண்டிய ஓட்டு."

முகவரி லிட்டில் இந்தியாவுக்குப் பின்னால் ஒரு கடைவரிசையின் மேல்மாடி. கீழே பூமாலைக் கடை. அதை நடத்தும் அக்காதான் மேலே அறைகளை வாடகைக்கு விட்டிருந்தார். சுமதி பார்சல் கிடங்கில் வேலை செய்கிறாள், கூட இருக்கும் பெண் கல்யாணத்துக்கு ஈப்போ போயிருக்கிறாள் என்றார்.

"நேத்து சாயந்தரம் பாத்தேன். காய்ச்சல் விட்டுருச்சுக்கா, தூங்குனா சரியாயிரும்னு சொன்னா."

கதவைத் தட்டினோம். பதில் இல்லை. அந்த அக்கா மாற்றுச் சாவி கொண்டு வந்து திறந்தார்.

ஜன்னலில் போர்வை தொங்கியது. பகல் பதினொரு மணிக்கு அறை இருட்டாக இருந்தது. தரையில் மெத்தை, அதன் தலைமாட்டில் ஒரு ஸ்டூல், ஸ்டூலின் மேல் லேப்டாப். அதன் வெளிச்சம் மட்டும்தான். திரையில் ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். உடம்பில் பட்டமளிப்பு அங்கி, பக்கத்தில் இன்னும் கொஞ்சம் இளமையாகக் காந்திமதி ஆன்டி.

என் பின்னால் வந்த ஆன்டி வாசலிலேயே நின்றுவிட்டார். மகளின் முகம் அந்த அறையில் இருக்கும் என்று அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

மெத்தையில் இருந்த பெண் மெதுவாகத் தலையைத் திருப்பினாள். உதடு வெளுத்துக் கிடந்தது. என்னைத் தாண்டி ஆன்டியைப் பார்த்தாள். கொஞ்சம்கூட ஆச்சரியப்படவில்லை.

"யோகி அம்மா," என்றாள். "வந்துட்டீங்களா?"

பூமாலைக் கடை அக்கா "முருகா" என்று சுவரைப் பிடித்துக்கொண்டார்.

ஆன்டி மட்டும் நகர்ந்தார். மெத்தையில் உட்கார்ந்து அந்தப் பெண்ணின் கையைத் தொட்டார். பாதத்தைத் தொட்டார்.

"ஐஸ் மாதிரி இருக்கு. தூக்கு விமலா. தூக்கு!"

மூவருமாகச் சேர்ந்து படியிறக்கிக் காரில் போட்டோம். ஆஸ்பத்திரியில் இரத்த அழுத்தம் பார்த்த தாதி மறு பேச்சுப் பேசாமல் சக்கர நாற்காலியை நேராக, உயிர் ஆபத்தில் இருப்பவர்களுக்கான சிவப்புப் பகுதிக்குள் தள்ளிக்கொண்டு ஓடினார். ஆன்டி அந்தக் கதவின் முன்னால் உட்கார்ந்தார். சாயந்தரம்வரை எழுந்திருக்கவில்லை, தண்ணீரும் குடிக்கவில்லை. ஒரு இளம் டாக்டர் வெளியே வந்து கேட்டார், "நீங்க பேஷண்டுக்கு என்ன வேணும் ஆன்டி?"

"அவ வீட்டுல சமைக்கிறதெல்லாம் எனக்குத் தெரியும்," என்றார் ஆன்டி.

டாக்டர் அதற்கு மேல் கேட்கவில்லை. டிங்கி, இரத்த அழுத்தம் விழுந்து ஷாக்குக்குப் போய்விட்டிருந்தாள், நல்ல வேளை கொண்டு வந்தீர்கள் என்றார்.

6. ஏழு நாற்பது

சுமதி பிழைத்தாள். ஒரு வாரம் கழித்து வார்டில் உட்கார்ந்து பேசினாள். முப்பத்தொரு வயது, கூலிமில் அப்பா அம்மா இல்லாமல் வளர்ந்தவள். அஞ்சல் வழியில் டிப்ளோமா படிக்கத்தான் லேப்டாப் வாங்கியிருக்கிறாள்.

"தொறந்ததுமே, பாஸ்வேர்டுகூடக் கேக்காம, அந்தப் பொண்ணு படம் வந்துச்சுக்கா. கடையில வெச்ச மாடல் படம்னு நெனச்சேன். அப்புறம் உள்ள பாத்தா வீட்டுப் படம், அம்மாகூட தீபாவளி எடுத்த படம். திருப்பிக் கொடுத்திருக்கணும். தப்புதான். ஆனா ரூமுக்கு வந்து தொறந்தா யாரோ சிரிக்கிறாங்க. எடுக்க மனசு வரல."

ஆன்டியைப் பார்த்ததும் ஏன் அப்படிக் கேட்டாய் என்றேன்.

"அது எனக்கு ஞாபகமே இல்லக்கா."

கடைசியாகத் தேடிய வரியைப் பற்றியும் கேட்டேன். அவள் முகம் மாறியது. திங்கள் இரவு எட்டு மணிக்கு மேல் லேப்டாப்பைத் தொடவே இல்லை என்றாள். செவ்வாய் காலையில் எழுந்து உட்காரவே முடியவில்லையாம். கண் திறந்தபோது திரை தானாக வெளிச்சமாக இருந்தது மட்டும் நினைவு இருக்கிறதாம்.

ஆனால் பட்டியலில் செவ்வாய் காலை ஏழு நாற்பது என்றுதான் இருந்தது. இன்றும் அதன் படம் என்னிடம் இருக்கிறது.

ஷாக்கில் இருந்தவளுக்குத் தான் செய்தது நினைவில்லாமல் போயிருக்கலாம். கை கீபோர்டில் விழுந்து ஒரு எழுத்து பட்டிருக்கலாம், மீதியை மெஷின் நீட்டியிருக்கலாம். ஒரு எழுத்து மட்டும் பட்டால் போதாது, அந்த வரியைத் தேர்ந்தெடுத்து என்டர் தட்டவும் வேண்டும். இந்த இடத்தில் என் கணக்கு எப்போதும் நின்றுவிடும். பத்தொன்பது வருட அனுபவத்தில் விளக்கம் இல்லாமல் நான் விட்ட ஒரே விஷயம் இது. ஆன்டியிடம் சொல்லவில்லை. சுமதியும் சொன்னதாகத் தெரியவில்லை.

7. யாருடைய மெஷின்

அடுத்த மாதம் இருவரும் சேர்ந்து கடைக்கு வந்தார்கள். சுமதியின் லேப்டாப்பைச் சுத்தமாக அழிக்க வேண்டும் என்று ஆன்டியே சொன்னார். யோகியின் படங்களையும் கடிதங்களையும் ஆன்டியின் மெஷினுக்கு மாற்றினேன். மாறி முடிய இரண்டு மணி நேரம் ஆனது. பாஸ் தானே வந்து டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, ஆன்டியிடம் கை கூப்பி மன்னிப்புக் கேட்டார்.

"அந்த ஒரு படத்த மட்டும் நான் வெச்சுக்கட்டுமா ஆன்டி?" என்று சுமதி கேட்டாள்.

"வேணாம்மா. ஒன்னோட படத்தப் போட்டுக்க."

அழிக்கும் பட்டன் திரையில் வந்தது. நான் ஆன்டியைப் பார்த்தேன். அவர் தலையசைத்தார். தட்டினேன். சதவீதம் ஏறிக்கொண்டே போனது. ஆன்டியின் லேப்டாப்பில் கருவிகளின் பட்டியலிலிருந்து 'யோகி-லேப்டாப்' என்ற பெயரையும் எடுத்துவிட்டேன். அவர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பிறகு, நேரமாச்சு, ரயிலைப் பிடிக்கணும் என்றார்.

பழைய லேப்டாப் வாங்குகிறவர்களுக்கு இப்போது நான் ரேமையும் பேட்டரியையும் பிறகுதான் சொல்கிறேன். முதலில், வீட்டுக்குக் கொண்டு போய்த் திறக்கும்போது வேறு யாருடைய பெயராவது, படமாவது வந்தால் ஒரு நாளும் வைத்துக்கொள்ளாதீர்கள், என்னிடம் கொண்டு வாருங்கள் என்கிறேன். விற்க வருகிறவர்களிடம், இது யாருடையது, அவர் எங்கே இருக்கிறார் என்று கேட்கிறேன். சிலர் முறைக்கிறார்கள். கேட்காமல் வாங்குவதில்லை.

தவறு நடந்தால் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும் என்பதும் அப்போது கற்றதுதான். நான் சொல்லியிருந்தால் ஒரு பட்டனில் எல்லாம் முடிந்திருக்கும், சுமதிக்குக் காய்ச்சல் வந்தது யாருக்கும் தெரிந்திருக்காது. இதை நினைக்கும்போது எனக்கு என்ன பாடம் என்றே சில சமயம் குழம்பிவிடும். அதனால் என் கையில் இருக்கும் வேலையை மட்டும் சரியாகச் செய்கிறேன்.

சுத்தமாக அழித்த மெஷினை மறுபடி திறந்தால், இந்தக் கம்ப்யூட்டரை யார் பயன்படுத்தப் போகிறார்கள் என்று அது கேட்கும். கீழே பெயர் எழுத ஒரு கட்டம், காலியாக. ஒவ்வொரு மெஷினிலும் அந்தக் காலிக் கட்டத்தை என் கண்ணால் பார்க்கிறேன். கொஞ்ச நேரம் காத்திருக்கிறேன். எதுவும் தானாக எழுதப்படவில்லை என்று தெரிந்த பிறகுதான் மூடி வைக்கிறேன்.